பூச்சி வேலை

என் தம்பி சாம்சனுக்குக் கோபமே வராது. அவனுக்கு வரவேண்டியதையும் சேர்த்து ஆண்டவர் என் தலையில் கட்டிவிட்டார். இந்த இரண்டு பேர் கோபத்தையும் சுமந்துகொண்டு ஐம்பத்தெட்டு வயதிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்குத் தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருகிறேன். என் பெயர் பரிபூரணம். பொறுமை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பரிபூரணமாக இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் முப்பத்தோரு வருஷமாக டிஸ்பாட்ச் என் பொறுப்பு. என்னைக் கேட்காமல் ஒரு ரோல் கேட்டைத் தாண்டாது. ஒரு நாள்கூட மதுரைக்குப் போகவேண்டிய பெட்டி மார்த்தாண்டத்துக்குப் போனதில்லை. ஒரு வார்த்தை சொன்னால் அது சொன்னபடி நடக்கவேண்டும் எனக்கு. அப்படிப்பட்ட நான் ஒரு சுவரிடம் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்தச் சுவர் இருப்பது திருச்செந்தூருக்குத் தெற்கே சிலுவைக்குடி என்ற கடற்கரை ஊரில். எங்கள் கம்பெனியை ஆரம்பித்த பெரிய முதலாளி சஞ்சீவிராஜா, அறுபத்து நாலாம் வருஷம் அங்கே ஒரு பங்களா கட்டினார். சித்திரை வெயிலுக்கு மற்ற முதலாளிமார் எல்லாம் கொடைக்கானல், குற்றாலம் என்று மலையைப் பார்த்துப் போனபோது இவர் மட்டும் கடலைப் பார்த்துப் போனார். வெளிநாட்டில் படித்துவிட்டு பம்பாயில் இருந்த ஒரு என்ஜினியரைக் கூட்டிவந்து, உன் இஷ்டத்துக்குக் கட்டு என்று விட்டுவிட்டார். அந்த மனுஷன் கட்டியதைப் பார்த்து இராஜபாளையமே சிரித்ததாம்.

ஓடு இல்லை, கோபுரம் மாதிரி முகப்பு இல்லை, தூணில் ஒரு பூ வேலைப்பாடு இல்லை. பெரிய கான்கிரீட் பலகை ஒன்று மெல்லிய கால்களின் மேல் நிற்கும். அதற்குக் கீழே வீடு. மூலைகளில் தூணே கிடையாது. எது தாங்குகிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மாடிக்குப் படி இல்லை, சரிவாக ஏறும் ஒரு பாதைதான். ஜன்னல் சுவர் நீளத்துக்கு ஒரு முழ உயரத்தில் ஓடும். நாற்காலியில் உட்கார்ந்தால் கடல் மட்டும் தெரியும், நின்றால் ஒன்றும் தெரியாது. மேல்தளத்தில் வட்டமாக ஓர் ஓட்டை, அதன் வழியாக ஒரு பனைமரம். மழை பெய்தால் நடுக்கூடத்தில் பெய்யும். இதற்கெல்லாம் மேலாக, சுவரைப் பூசவே இல்லை. செங்கல்லும் இல்லாமல், பூச்சும் இல்லாமல், சென்ட்ரிங் பிரித்த கோலத்தில் கான்கிரீட்டை அப்படியே விட்டுவிட்டார்கள். பால்காய்ச்சுக்குப் போன சொந்தக்காரர்கள் எல்லாரும், "வேலை எப்ப முடியும்?" என்றுதான் கேட்டார்களாம். சிலுவைக்குடிக்காரர்கள் இன்றுவரை அதைப் பூசாத பங்களா என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் கிட்டே போய்ப் பார்த்தால் அந்தச் சுவரில் ஒரு சங்கதி இருக்கிறது. கடலைப் பார்த்த சுவர் அறுபதடி நீளம். அது முழுக்கத் துணியின் நெசவு பதிந்திருக்கிறது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் சென்ட்ரிங் பலகையின் உள்பக்கம் எங்கள் கம்பெனி பேண்டேஜ் துணியை ஒட்டச் சொல்லியிருக்கிறார் என்ஜினியர். பலகையையும் துணியையும் பிரித்தபோது ஊடும் பாவும் அப்படியே கல்லில் நின்றுவிட்டது. நல்ல துணியைக் கொடுக்கக் கம்பெனியின் தறி மேஸ்திரிக்கு மனசு வராமல் கழித்துப்போட்ட ரோல்களை அனுப்பியிருக்கிறார். அதில் ஒரு ரோல் எங்கள் அம்மா நெய்தது. அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்யாணமாகிப் புதிதாகத் தறியில் உட்கார்ந்தவள். ஒரு இழை விட்டுப்போய், அதைக் கவனிக்காமல் ரோல் முழுக்க நெய்து தள்ளிவிட்டாள். மேஸ்திரியிடம் வாங்கின பேச்சைச் சாகும்வரை மறக்கவில்லை. சுவரின் வடக்கு ஓரத்தில் ஆள் உயரத்தில் ஒரு மெல்லிய கோடு விடாமல் ஓடும். அதுதான் அம்மா விட்ட இழை.

சாம்சன் அந்தப் பங்களாவுக்குக் காவலாக முப்பது வருஷமாக இருக்கிறான். வேலை வாங்கிக் கொடுத்தது நான். அந்த ஊரிலேயே தங்கபாயைப் பார்த்துக் கட்டிவைத்தது நான். எந்தச் சட்டை போடவேண்டும் என்பதுவரை நான்தான் சொல்வேன். அவனும் சரிக்கா, சரிக்கா என்று கேட்டுக்கொள்வான். பிள்ளை இல்லை. தங்கபாய் ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். சிலுவைக்குடி வேதக்கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே போய்ச் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டு வருவான். என்னோடு வந்து இரு என்று ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இழுத்து வந்தேன். மூன்றாம் நாள், "காத்தே இல்லயேக்கா" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

இப்படி இருக்கும்போதுதான் போன மாதக் கடைசியில் பெரிய முதலாளியின் பேரன் விமல் பெங்களூரிலிருந்து வந்து என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, சிலுவைக்குடி பங்களாவை ஒரு ரிசார்ட்காரங்க கேக்காங்க. இடிச்சுட்டுப் புதுசாக் கட்டுவாங்களாம். கொடுத்திரலாம்னு இருக்கேன்."

"அப்போ சாம்சன் எங்க தம்பி போவான்?"

"அதான் அக்கா யோசனை." நடுவில் போனில் வீட்டம்மாவிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். "பழைய கட்டடங்களைப் பட்டியல் போடுற ஒரு குழு இருக்காம். சென்னையில கார்த்திகான்னு ஒரு மேடம், கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கிறவங்க. அவங்க வந்து பாத்து, வச்சுக்கவேண்டிய வீடுன்னு எழுதிக் கொடுத்தா நான் இடிக்கல. ஆளுக வந்து தங்குற மாதிரி நடத்துவோம், சாம்சன் அண்ணன் அங்கேயே இருக்கட்டும். இல்லைன்னா அடுத்த மாசம் பத்தாம் தேதி, திங்கக்கிழமை கையெழுத்து."

நல்ல பிள்ளைதான். ஆனால் ஒரு மனுஷனுடைய பெண்டாட்டி கல்லறையும் சாயங்காலமும் ஒரு காகிதத்தில் தொங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கே அந்தக் கார்த்திகா மேடத்துக்குப் போன் போட்டு, சாம்சன் எடுத்து அனுப்பிய போட்டோக்களை அனுப்பினேன். பாதிப் போட்டோவில் அவன் கட்டைவிரல்தான் இருந்தது. மீதியைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் போனிலேயே குதித்தார்கள்.

"பரிபூரணம்மா, அந்தச் சுவர்தான் விஷயமே! துணி நெசவு பதிஞ்ச கான்கிரீட்டை நான் வேற எங்கேயும் பார்த்ததில்லை. ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை வரேன். சுவத்துக்கு ஒண்ணும் செஞ்சிடாதீங்க. அந்தக் குளவிக்கூடு, சிலந்திவலை மட்டும் எடுத்துட்டாப் போதும்."

அது பெரிய வேலையே இல்லை. வருஷா வருஷம் சித்திரையில் முதலாளி வீட்டார் வருவதற்கு முன்னால் சாம்சன் செய்வதுதான். குளவிக்கூட்டைக் கலைத்து, கரையானுக்கும் பூரானுக்கும் மருந்தடிப்பான். எங்கள் வீட்டில் அதற்குப் பூச்சி வேலை என்று பெயர்.

அன்று சாயங்காலம் இராஜபாளையத்தில் பஸ் ஏறியதும் அவனுக்குச் செய்தி அனுப்பினேன். என் விரல் ஒரு எழுத்தைத் தொட்டால் இரண்டு எழுத்து விழும்; அதனால் மைக்கை அமுக்கிக்கொண்டு பேசிவிடுவேன், போன் அதை எழுத்தாக்கி அனுப்பிக்கொள்ளும். டிரைவர் பாட்டை அலறவிட்டிருந்தார். கண்டக்டர் விசில் காதைக் கிழித்தது. பக்கத்து சீட்டில் வ. புதுப்பட்டிக்காரி ஒருத்தி கத்தரிக்காய் மூட்டையை என் காலில் இறக்கியிருந்தாள். இத்தனைக்கும் நடுவில் கத்தினேன்.

"ஏலே சாம்சன், வெள்ளிக்கிழமை பெரிய ஆளுக வாராக. கடல் பாத்த சுவத்துல பூச்சி வேலைய முழுசா முடிச்சு வையி. ஒரு இடம் பாக்கி இருக்கப்படாது."

தொட்டியபட்டி தாண்டும்போது அவனிடமிருந்து பதில் வந்தது. அவன் படிப்பான், போனில் எழுதத்தான் வராது; குரலில்தான் அனுப்புவான். போனைக் காதில் வைத்துக் கேட்டேன்.

"அக்கா, முழுசாவா? அந்தச் சுவத்துலயா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆமாலே, முழுசாத்தான். சொன்னதச் செய்யி, ஆயிரம் கேள்வி கேக்காத."

மடவார்வளாகம் வரும்போது இன்னொன்று. "நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியாக்கா?"

பாருங்கள், ஒரு குளவிக்கூட்டைக் கலைக்க இத்தனை யோசனை! குளவி பாவம் என்று நினைக்கிறானா, என்ன எழவோ. "ஆமா" என்று மட்டும் கத்தி அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன். கண்ணாடியும் அதே பைக்குள்தான் இருந்தது. அன்று அதை எடுத்து மாட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். மேடத்துக்குக் கொடுக்க அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டேன். சங்கரன்கோவில், திருநெல்வேலி, திருச்செந்தூர் என்று பஸ் மாறி மாறிச் சிலுவைக்குடியில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. மணலில் செருப்பு புதையப் புதைய நடந்து சவுக்குத் தோப்பைத் தாண்டினால் பங்களா தெரியும்.

தெரிந்தது. கடல் பார்த்த சுவர் ரோஸ் கலரில் நின்றது.

முதலில் வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பனைமரம் ஓட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, அதே வீடுதான். அறுபதடிச் சுவரும் மழமழவென்று பூசி, ரோஸ் பெயின்ட் அடித்து, கீழே ஒரு முழத்துக்குச் சிவப்பில் பட்டையும் இழுத்திருந்தது. ஒரு நெசவு இல்லை, ஒரு கோடு இல்லை. பாலகணேஷ் என்கிற உள்ளூர்க் கொத்தனார் சிமென்ட் குழைத்த பாண்டுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். சாம்சன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

"வாக்கா. நேத்தே முடிஞ்சிட்டு. கோயிலுக்கு அடிச்ச பெயின்ட் மிச்சம் இருந்துச்சு, சாமியாருட்ட கேட்டு வாங்கி அடிச்சேன். நல்லாருக்கா?"

நான் பையைக் கீழே போட்டேன். பால்கோவா போனால் போகிறது என்று போட்டேன்.

"ஏலே, ஏலே கூறுகெட்டவனே! என்னலே செஞ்சு வச்சிருக்க? உனக்கு மண்டையில என்னதாம்லே இருக்கு? அந்தச் சுவத்தப் பாக்கத்தாம்லே சென்னையில இருந்து அவிய வாராக! அந்தச் சுவரு இருந்தாத்தாம்லே இந்த வீடு! இந்த வீடு இருந்தாத்தாம்லே நீ! நாளைக்கு இதப் பாத்தா அவிய காருல இருந்து எறங்கக்கூட மாட்டாகளே. திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுருவாகளே. பொறவு நீ எங்கலே போவ? தங்கபாய் கல்லறைக்கு எங்க இருந்துலே வருவ? முப்பது வருசமா பூசாத சுவத்த இன்னைக்குத்தான் பூசணும்னு உனக்கு எந்தப் பேய்லே சொல்லிச்சு?"

இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். எழுதத் தகாது. மூச்சு வாங்க நிறுத்தியபோது கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பாலகணேஷ் நடுவில் வந்தார்.

"அக்கா, அவர வையாதிய. நானும் சொன்னேன், இதுல எதுக்குப் பூச்சுன்னு. அக்கா சொல்லிட்டு, செஞ்சுதான் ஆவணும்னுட்டாரு."

"எந்த அக்கா?"

"நீங்கதாம்மா."

"நானா? நானா சொன்னேன்? எப்போ சொன்னேன்? பொய் சொல்லாத!"

சாம்சன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, தேடி, என் முன்னால் நீட்டினான். கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். என் பெயர் போட்டு, நான் அனுப்பியதுதான்.

"கடல் பாத்த சுவத்துல பூச்சு வேலைய முழுசா முடிச்சு வையி. ஒரு இடம் பாக்கி இருக்கப்படாது."

பூச்சு. நான் சொன்னது பூச்சி. பஸ் பாட்டிலும் விசிலிலும் போனுக்குக் கேட்டது பூச்சு. அதற்குக் கீழே என்னுடைய "சொன்னதச் செய்யி, ஆயிரம் கேள்வி கேக்காத". அதற்கும் கீழே "ஆமா".

முப்பத்தோரு வருஷத்தில் ஒரு பெட்டியைத் தப்பாக அனுப்பாதவள் நான். மன்னிச்சுக்கோ என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்ல வரவில்லை. பழக்கம் இல்லை. அதற்குப் பதிலாக, "போனும் உன்ன மாதிரிதான் இருக்கு" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"பூச்சியாக்கா?" என்றான் சாம்சன், மெதுவாக. "குளவியா? அது முந்தியே கலைச்சிட்டேனே."

நான் கொத்தனாரிடம் திரும்பினேன். "அண்ணாச்சி, இதக் கொத்தி எடுத்திருவோம். எம்புட்டு ஆளு வேணும்? நாளைக்குப் பத்து மணிக்குள்ள எடுக்கணும்."

"கொத்துனா உள்ள இருக்கறதும் சேந்து பேந்து வந்துரும்மா. அந்தத் துணித் தடமெல்லாம் ஒரு நூலு கனந்தான். ஒண்ணும் மிஞ்சாது."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். இனி விமலுக்குப் போன் போட்டுச் சொல்லவேண்டியதுதான் பாக்கி. தம்பியைத் தெருவில் விட்டது ரிசார்ட்காரன் இல்லை, நான்தான். அவன் மூன்று நாள் தாங்காத ஊரில் அவனைக் கொண்டுபோய் அடைத்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் முகத்தைத் தினமும் பார்க்கவேண்டும்.

"கொத்த வேண்டாம்க்கா," என்றான் சாம்சன்.

"நீ சும்மா இரு."

"இல்லக்கா. கொத்தாண்டாம். இழுத்தா வந்துரும்."

அவன் போய்ச் சுவரின் வடக்கு ஓரத்தில் குந்தினான். சிவப்புப் பட்டைக்குக் கீழே, தரையோடு தரையாக, நான்கு விரல் அகலத்துக்குத் துணி நுனி தொங்கியது. பேண்டேஜ் துணி. ஜன்னலுக்குக் கொசுவலையாகக் கட்டிக்கொள் என்று வருஷா வருஷம் நான் பார்சல் போட்டு அனுப்பும் கழிவு ரோல். பாலகணேஷ் சுத்தியலால் பூச்சில் ஒரு தட்டுத் தட்டினார். விரிசல் விட்டது. சாம்சன் துணியை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தான். ரோஸ் பூச்சு ஒரு முறம் அளவுக்கு அப்படியே துணியோடு பெயர்ந்து மணலில் விழுந்தது. அதற்குப் பின்னால் மைதாப் பசை காய்ந்த வெள்ளைத் திட்டு. அதற்குள்ளே ஊடும் பாவும் இருந்தது.

"சுவரு முழுக்க மைதாமாவக் காய்ச்சித் துணிய ஒட்டி, அதும்மேலதான் பூசச் சொன்னேன்," என்றான். "இவரு ஒரு மாசம்கூட நிக்காதுன்னு திட்டுனாரு. உளியால சுவத்துல கொத்து வச்சுட்டுப் பூசுனாத்தான் நிக்குமாம். அந்தச் சுவத்துல கொத்து வைக்க எனக்கு மனசு வரல."

"மனசு வரலன்னா பூசாம இருந்திருக்கலாம்லலே! எனக்குப் போன் போட்டு வஞ்சிருக்கலாம்ல!"

"ரெண்டு மட்டம் கேட்டேனேக்கா. நீ சொன்னதச் செய்யின்னுட்ட." காய்ந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னான். "நீ சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேன். ஆனா அம்மா இழை விட்ட எடம் இருக்குல்லா. என்னைக்காவது ஒரு நாள் நீ வந்து, அது எங்கலேன்னு கேப்ப. அதான் கட்டுப்போட்டு வச்சேன்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் நின்று துணியைப் பிடித்தேன்.

மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடாமல் இழுத்தோம். சில இடத்தில் பாளம் பாளமாக வந்தது, சில இடத்தில் நூல்தான் கையோடு வந்தது. என் உச்சந்தலையில் ஒரு கட்டி விழுந்து வீங்கியது; சாம்சனைத் திட்ட வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். ஐந்து மணி ஆனதும் அவன் கையைக் கழுவினான். எங்கலே போற, வேலை கிடக்கு என்று நாக்கு நுனிவரை வந்தது. "போயிட்டு வாலே" என்றேன். போய்விட்டு அரை மணியில் வந்து மறுபடியும் துணியைப் பிடித்தான். வெளிச்சம் போவதற்குள் அறுபதடியும் முடிந்தது. மறுநாள் விடிந்ததும் தேங்காய்நார் பிரஷ்ஷும் வெந்நீருமாகப் பசையைத் தேய்த்துக் கழுவினோம்.

கார்த்திகா மேடம் பத்தரைக்கு வந்தார்கள். நாற்பது வயது இருக்கும், கைத்தறி நூல் சேலை, காலில் ஷூ. காரை விட்டு இறங்கியதும் வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே சுவருக்குப் போனார்கள். கடல் பக்கத்து வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. கையை வைத்துத் தடவிக்கொண்டே அறுபதடியும் நடந்தார்கள். அடியில் ஓர் இடத்தில் குனிந்தார்கள்.

"இது என்ன, இங்க மட்டும் சிவப்பா இருக்கு?"

என் வாய் ரெடியாகிவிட்டது. அது ஒண்ணும் இல்லம்மா, பெயின்ட் டப்பா சிந்திட்டு என்று. எல்லா இடத்திலும் அவனுக்காக நான்தானே பேசுவேன். சாம்சனைப் பார்த்தேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், நான் பேசட்டும் என்று. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ஐம்பத்தெட்டு வருஷத்தில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

பிறகு அவன் குரல்.

"தப்பு நடந்துட்டும்மா. பூசிட்டேன். பொறவு எடுத்துட்டோம். துணிய வச்சுத்தான் பூசுனேன், சுவத்துக்கு ஒண்ணும் ஆவல."

"துணியை வச்சா?"

"ஆமாம்மா. இந்தச் சுவத்துக்கு அடியில இருந்ததே துணிதான. அது எங்க கம்பெனித் துணி. இந்தாருங்க, இந்தக் கோடு. இது எங்க அம்மா விட்ட இழை."

அதற்கப்புறம் அவன் நிறுத்தவே இல்லை. எந்த மாதம் எந்தப் பக்கக் காற்று எந்த ஜன்னல் வழியாக வரும், மழைக்கு நடுக்கூடத்தில் தண்ணீர் எந்தப் பள்ளத்தில் ஓடி எங்கே போகும், மூலையில் தூண் இல்லாமல் மேல்தளம் எப்படி நிற்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னான். மேடம் நோட்டில் எழுதிக்கொண்டே அவன் பின்னால் நடந்தார்கள். எனக்கே தெரியாததை எல்லாம் இவன் எப்போது தெரிந்துகொண்டான் என்று நான் வாயைப் பிளந்துகொண்டு போனேன். தூண் விஷயம் எனக்கு இன்னமும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விமல் போன் செய்தார். மேடம் பதினோரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார்களாம். அதில் மூன்று பக்கம் சாம்சன் சொன்னதாம். இந்த வீட்டை வைத்துக்கொள்வதானால் இந்த மனுஷனையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கடைசியில் எழுதியிருந்தார்களாம். ரிசார்ட்காரர்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன் அக்கா என்றார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து அதே பஸ். அதே பாட்டு. இதற்குமேல் தள்ளிப்போட்டால் சொல்லவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். மைக்கை அமுக்கினேன்.

"ஏலே சாம்சன், தப்பு என்மேலதாம்லே. மன்னிச்சிருலே."

தொட்டியபட்டி தாண்டும்போது பதில் வந்தது. காதில் வைத்தேன்.

"எம்புட்டு லோடுக்கா? முழுசாவா?"

ஒன்றும் விளங்கவில்லை. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, நான் அனுப்பியதைப் படித்தேன். "மண் அடிச்சிருலே" என்று போயிருந்தது.

தலையில் அடித்துக்கொண்டு அவனுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் கத்தினேன். "மண்ணும் வேண்டாம் கிண்ணும் வேண்டாம்லே! மன்னிச்சிருன்னு சொன்னேன்! மன்னிச்சிரு! அக்காவ மன்னிச்சிருலே!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. யாரோ பாட்டைக்கூடக் குறைத்துவிட்டார்கள்.

"டிராக்டருக்குச் சொல்லிட்டேனேக்கா," என்றான்.

"ஏலே!"

அப்போதுதான் அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட என்னைக் கேலி செய்து அவன் சிரித்ததே இல்லை.